மாட்டுங்கா: முகப்புக்குப் பின்னுள்ள வரலாறு

1896ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றியது. அது வகுத்த தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த அடுக்ககங்களில், அலுவலகப் பணிக்கு வந்த தமிழர் பலர் வாடகைக்குக் குடியேறினர். சால்களில் பொதுவாக இருந்த கழிப்பறை, இங்கு வீட்டுக்குள்ளேயே இடம்பெற்றது. தீட்டு குறித்த மரபுக் கருத்துகளோடு இவ்வமைப்புக் கொண்ட உறவை வரலாற்றாய்வாளர் நிகில் ராவ் 2013இல் வெளிவந்த தம் நூலில் விவாதித்துள்ளார். ஆக, இவ்வீடுகளின் சமூக வரலாறு சமையலறைக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட தொலைவிலும் பதிந்துள்ளது.

1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. ஆனால், உறைந்த வாடகையில் பழுதுபார்க்க உரிமையாளர்கள் முன்வரவில்லை. பல வீடுகள் உள்ளமைப்பு மாறாமல் நிலைத்ததற்கும் சிதைந்ததற்கும் இதுவே ஒரு காரணம்.

மும்பையின் மரபுக் கட்டட விதிகள் முதல் தரக் கட்டடங்களின் உட்புறத்துக்கும் கடுமையான காப்பு அளிக்கின்றன. மூன்றாம் தரத்தில் உள், வெளி மாற்றங்களுக்கு இடமுண்டு. எளிய வாடகைக் குடியிருப்புகள் பட்டியலில் சேர்ந்தாலும், முதல் தரம் பெறுவது அரிது. எனவே புதுப்பித்தலில் முகப்பு எஞ்சலாம். அறைகளின் வரலாறு அழியலாம். உட்சுவரை இடிக்கும் முன் அளவெடுத்து வரைபடமாக்குவது விதியின் இந்த இடைவெளியை ஓரளவேனும் ஈடுசெய்யும்.