நீங்கலாக நின்ற நிலம்

தந்தை மறைந்தபின் வீட்டையும் ரொக்கத்தையும் பங்கிடுவதில் நம் குடும்பங்கள் பெரிதும் தடுமாறுவதில்லை. வயல் என்று வந்தால்தான் பேச்சு தயங்குகிறது. அத்தயக்கத்திற்குச் சட்டமே ஒரு காலத்தில் இடம் தந்திருந்த வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

எட்டு ஏக்கர் நன்செய்யை விட்டுச் சென்ற ஒருவருக்கு மனைவி, இரு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள் உளர் என்று கொள்வோம். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடனும் வசிய்யத்தும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்றாக ஓர் ஏக்கர். எஞ்சிய ஏழில் ஆண்மக்களுக்கு இவ்விரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. 'அந்நிஸா' அத்தியாயம் வகுத்த இப்பங்கீடு பொன்னையும் மண்ணையும் வேறு பிரித்துப் பார்க்கவில்லை.

வேறு பிரித்தது ஆங்கிலேயர் காலத்துச் சட்டம். பஞ்சாபில் 1872ஆம் ஆண்டுச் சட்டம் வழக்காற்றுக்கே முதலிடம் அளித்தது. உழவர் குடும்பங்களின் மூதாதையர் நிலம் ஆண்மக்களோடு நின்றுவிட்டது. சென்னை மாகாணத்தில் 1873ஆம் ஆண்டின் சிவில் நீதிமன்றச் சட்டம் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டமே என்றது; எனினும் சட்டத்தின் வலிமை பெற்ற வழக்காறு உண்டென்று மெய்ப்பித்தால் அதையும் ஏற்றது.

இவ்வழக்காறுகளை விலக்கவே 1937இல் ஷரீஅத் சட்டம் பிறந்தது. ஆனால் அதன் இரண்டாம் பிரிவிலேயே 'விவசாய நிலம் நீங்கலாக' என்னும் பொருள்படும் சொற்கள் இடம்பெற்றன. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசுரிமையை மாகாணங்களின் அதிகாரத்தில் வைத்திருந்ததால், மத்திய சட்டமன்றம் அதில் கைவைக்க இயலவில்லை. காரணம் சரிதான். ஆயினும் சிற்றூர்க் குடும்பத்தின் செல்வமே வயலன்றோ? அதை நீக்கியபின் மகளுக்கு எஞ்சியது எவ்வளவு?

மாகாணங்கள்தாம் இக்குறையைத் தீர்க்க வேண்டியிருந்தது. மேற்குப் பஞ்சாப் 1948இல் தீர்த்தது. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தால் அச்சொற்களை நீக்கிற்று. உத்தரப் பிரதேசமோ எதிர்த்திசையில் சென்றது: 1950ஆம் ஆண்டின் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், எம்மதத்தவராயினும் ஆண்வழி வாரிசுகளையே நில உரிமையில் முன்னிறுத்தியது.

நிலம் துண்டுபடும் என்பது பழைய மறுப்பு. அண்ணன் தம்பியர் பிரித்துக்கொள்ளும்போதும் வரப்பு விழத்தான் செய்கிறது. அப்போது இம்மறுப்பை எவரும் எழுப்பக் கேட்டதில்லை.

சட்டம் திருந்தியபின் தடை வேறு வடிவில் தொடர்ந்தது. திருமணத்தின்போதே, 'நகை போட்டாயிற்று, இனி நிலத்தில் உரிமையில்லை' என்று எழுதி வாங்கும் வழக்கம் அது. தந்தை உயிரோடிருக்கையில் மகளுக்கு வாரிசுப் பங்கே தோன்றுவதில்லை. தோன்றாத பங்கை விட்டுக்கொடுப்பது தன்னளவில் செல்லாது. ஆனால் அதற்கு ஈடாகப் பொருள் பெற்றுக்கொண்டவர் பின்னர்ப் பங்கு கேட்க முடியாது என்ற நிலையை உச்சநீதிமன்றம் 2011இலும் உறுதிசெய்தது. ஆகவே வழக்கு மன்றம் வரும்போது, அன்று கொடுத்த நகை சீரா, வயலின் விலையா என்பதே கேள்வியாகிறது.