வெட்டிவேர் எண்ணெய்: மணப்பொருள் பகுப்பாய்வு

வெட்டிவேரை ஆவியில் வடித்தெடுக்கும் எண்ணெயின் மணச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் ஆய்வு இரு நூற்றாண்டு வரலாறு உடையது. புதுச்சேரியின் கரிக்கலாம்பாக்கம், பாகூர் பகுதிகளை அடுத்த கடலூர் மாவட்டத்தில், கடலோர மணற்பாங்கான ஊர்களில் இப்பயிர் விளைகிறது.

வடித்தல்

ஓராண்டுக்கு மேல் வளர்ந்த வேரை மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, நறுக்கி, நீரோடு குடுவையிலிட்டுக் கொதிக்கவைப்பர். ஆய்வகங்களில் இதற்கு உதவுவது 1928இல் உருவான கிளெவெஞ்சர் கருவி. ஆவி குளிர்ந்து இறங்கும்போது, அளவுக்கோடிட்ட குழாயில் எண்ணெய் தனியே தேங்கும். வெட்டிவேர் எண்ணெய் பிசுபிசுப்பானது. அதன் அடர்த்தியும் நீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால் மெதுவாகத்தான் பிரியும். வடிப்பதைப் பாதியில் நிறுத்தினால் கனமான மணப்பொருள்கள் வேரிலேயே தங்கிவிடும். பிறகு எந்தக் கருவியில் சோதித்தாலும் கிடைப்பது அரைகுறை விடையே.

வரலாறு

பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் 1809இல் வெட்டிவேரைப் பகுத்தாய்ந்து எழுதினார். எண்ணெயிலுள்ள ஆல்ஃபா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் என்னும் கீட்டோன்களுக்கு 1939-40 வாக்கில் பிஃபாவும் பிளாட்னரும் மூலக்கூறு அமைப்புகளை முன்மொழிந்தனர். அவை பிழையென 1960களில் தெரியவந்தது. ஜேம்ஸ் மார்ஷல் குழுவினர் பீட்டா வெட்டிவோனை ஆய்வகத்திலேயே தொகுத்து, அதன் சரியான அமைப்பை நிறுவினர்.

அதே காலத்தில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் எஸ். சி. பட்டாச்சார்யா குழுவினர் வட இந்திய எண்ணெயில் குசிலால் என்னும் 14 கார்பன் ஆல்டிஹைடைக் கண்டறிந்தனர். வடக்கே காட்டில் வளரும் வகையின் எண்ணெய் முனைவாக்கிய ஒளியின் தளத்தை இடப்புறமும், தெற்கே சாகுபடியாகும் வகையின் எண்ணெய் வலப்புறமும் திருப்பும். ஒரே புல்லானாலும் இரண்டின் சேர்மங்களும் வேறு.

ஜேம்ஸ், மார்ட்டின் இருவரும் 1952இல் வெளியிட்ட வாயு குரோமட்டோகிராபி முறை, பின்னர் நிறை நிறமாலைமானியோடு இணைந்தது. எண்ணெயில் நூற்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் இருப்பது அதன்பின் தெளிவாயிற்று.

மணத்தின் மூலம்

குசிமோல் என்னும் ஆல்கஹால் எண்ணெயில் மிகுதியாக இருந்தாலும் வெட்டிவேரின் தனி மணத்துக்கு அது காரணமன்று. வாயு குரோமட்டோகிராபிக் கருவியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறும் சேர்மங்களைக் குழாய்முனையில் முகர்ந்து பார்க்கும் முறையும், ஆய்வகத் தொகுப்பும் இதைக் காட்டின. சிறிதளவே உள்ள 2-எபி-சிசாயினோன் என்னும் கீட்டோனே அம்மணத்தின் முதன்மைக் காரணம் என 2021இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஆகவே, மிகுதியான சேர்மத்தின் விழுக்காட்டை மட்டும் கொண்டு எண்ணெயைத் தரம் பிரிப்பது உழவருக்கும் வாங்குபவருக்கும் நியாயமாகாது. கருவியின் வரைபடத்தோடு தேர்ந்த மூக்கின் தீர்ப்பும் சேர வேண்டும்.