ஒரு கையொப்பமும் அரை அங்குலத் தாடியும்

2013 டிசம்பர் 31. அமெரிக்காவின் டென்வர் நகரில், ஏழை முதியோரைப் பராமரிக்கும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளின் இல்லத்திற்கு அது சோதனையான இரவு. நள்ளிரவு கடந்துவிட்டால் இரண்டில் ஒன்று நிகழ வேண்டும்: ஓர் அரசுப் படிவத்தில் அவர்கள் கையொப்பமிட வேண்டும், அல்லது அபராதத்தை எதிர்கொள்ள வேண்டும். அன்றிரவு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் புத்தாண்டுக் கொண்டாட்டத்தைத் தொடங்கிவைக்க அழைக்கப்பட்டிருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், சில மணி நேரம் முன்னதாக இடைக்காலத் தடை வழங்கினார்.

'லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்' என்னும் இந்தச் சபை 1839இல் பிரான்சில் பிறந்தது. ழான் ஜுகான் என்ற பெண்மணி, பார்வையற்ற மூதாட்டி ஒருவரை வீட்டிற்கு அழைத்துவந்து தம் படுக்கையை அவருக்குக் கொடுத்ததே அதன் தொடக்கம். இத்தகையவர்கள் அரசை எதிர்த்து வழக்காட நேர்ந்தது எதனால்?

அமெரிக்காவில் பெரும்பாலான தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு வேலை தருபவர் வழியாகவே கிடைக்கிறது. 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் (மக்கள் வழக்கில் ஒபாமாகேர்) நோய்த்தடுப்புச் சேவைகளைக் கட்டணமின்றி வழங்கக் கட்டளையிட்டது. 2011இல் வெளியான நெறிமுறைகள் பெண்களுக்கான கருத்தடை முறைகளையும் அதில் சேர்த்தன. தேவாலயங்களுக்கு விலக்கு உண்டு. சமயத் தொண்டு நிறுவனங்களுக்கோ வேறொரு வழி வகுக்கப்பட்டது: எங்களுக்கு மறுப்பு உண்டு என ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும், அதன்பின் காப்பீட்டை நடத்தும் நிறுவனம் கருத்தடைச் சேவையை ஏற்பாடு செய்துகொள்ளும்.

ஒரு கையொப்பம்தானே, இட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். கன்னியாஸ்திரீகளோ, அந்தக் கையொப்பமே தாங்கள் பாவமெனக் கருதும் செயலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்றனர். இந்தச் சிக்கல் நமது மார்க்க நூல்களுக்குப் புதிதன்று. பாவத்திற்குத் துணைபோவதை அல்மாயிதா அத்தியாயத்தின் 2ஆம் வசனம் தடுக்கிறது. ஆனால் 'துணை' என்பது எதுவரை? மது தயாரிப்பவன் என்று தெரிந்தே ஒருவனுக்குத் திராட்சைச் சாற்றை விற்கலாமா என்ற கேள்வியில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இடம் தந்தார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் மத்ஹபு அதைத் தடுத்தது. எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதில் இத்தகைய மேதைகளே வேறுபட்டிருக்க, கன்னியாஸ்திரீகள் வரைந்த கோடு தவறு என்று கூற ஓர் அரசு அலுவலருக்கு என்ன தகுதி இருக்கிறது?

கருத்தடை குறித்த அவர்களின் தீர்ப்பு நம்முடைய தீர்ப்பன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நபித்தோழர்கள் 'அஸ்ல்' செய்துவந்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அதற்கு அனுமதியுண்டு என்றார்கள். இப்னு ஹஸ்ம் (ரஹ்) மறுத்தார்கள். ஹனஃபி அறிஞர்கள் மனைவியின் சம்மதத்தை நிபந்தனையாக்கினார்கள். நம் வீட்டுப் பெண்கள் மருத்துவரைக் கலந்து எடுக்கும் முடிவுக்குக் கன்னியாஸ்திரீகளின் கொள்கை அளவுகோல் ஆகாது. அவர்களின் கொள்கையை ஏற்காத நாம், அதைப் பேணும் உரிமையை மட்டும் ஆதரிக்க முடியுமா என்பதே இங்குள்ள கேள்வி.

வழக்கில் அவர்கள் கையில் இருந்த ஆயுதம் 1993ஆம் ஆண்டின் சமய சுதந்திர மீட்புச் சட்டம். அதன் பிறப்பு இன்னும் விந்தையானது. ஒரிகன் மாநிலத்தில் செவ்விந்தியர் சமயச் சடங்கில் பெயோட்டே என்னும் போதைதரும் கள்ளியை உட்கொண்ட இருவர் வேலை இழந்தனர். வேலையிழந்தோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவான சட்டமென்றால் சமயத்திற்காக விலக்கு தர வேண்டியதில்லை என்று 1990இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அத்தீர்ப்பு சிறுபான்மையினரை மட்டுமல்ல, பெரிய சபைகளையும் உலுக்கியது. பலதரப்பட்ட அமைப்புகள் ஒன்றுதிரண்டு போராட, செனட் சபையில் 97க்கு 3 என்ற வாக்குகளில் புதிய சட்டம் நிறைவேறியது. ஒருவரின் சமய ஒழுக்கத்தின்மீது அரசு கடும் சுமையை ஏற்றினால், அதற்குத் தவிர்க்க முடியாத காரணம் இருப்பதையும், அதைவிடக் குறைந்த சுமையுள்ள வழி இல்லை என்பதையும் அரசே நிரூபிக்க வேண்டும். சிறியதொரு சமூகத்திற்கு நேர்ந்த அநீதியிலிருந்து எழுந்த இச்சட்டத்தின் நிழலில் பிற்காலத்தில் எத்தனையோ பேர் ஒதுங்கினர்.

கருத்தடை விதிக்கு எதிராக முதலில் பெரும் வெற்றி கண்டது ஹாபி லாபி என்னும் கைவினைப் பொருள் விற்பனை நிறுவனம். கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதைத் தடுக்கக்கூடும் எனத் தாங்கள் நம்பிய நான்கு கருத்தடை முறைகளுக்கு மட்டும் அதன் உரிமையாளர் குடும்பம் மறுப்புத் தெரிவித்தது. தொழிலாளர் ஏறத்தாழ 13,000 பேர். அபராதம் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 டாலர். அதாவது நாள்தோறும் 13 லட்சம் டாலர்! 2014 ஜூன் 30 அன்று 5க்கு 4 என்ற கணக்கில் நிறுவனம் வென்றது. உரிமையாளரின் நம்பிக்கை நியாயமானதா என ஆராய்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ கூறினார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க், அந்நம்பிக்கையில் பங்கில்லாத பல்லாயிரம் பெண் தொழிலாளரைச் சுட்டிக்காட்டினார். குறைந்தபட்ச ஊதியம் பெறும் பெண்ணுக்குக் கருப்பையில் பொருத்தும் சாதனத்தின் செலவு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்பது அவர் வாதம். அதை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. அறப்பணிக்கென வாழும் கன்னியாஸ்திரீகளின் கோரிக்கை, பல சமயத்தாரை வேலைக்கு வைத்து இலாபம் ஈட்டும் வணிகரின் கோரிக்கையைவிட வலுவானது என்பதே நம் கருத்து.

கன்னியாஸ்திரீகளுக்கு விரைவில் விடை கிடைக்கவில்லை. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றனர். 2016 மே மாதம், எட்டு நீதிபதிகளே இருந்த உச்ச நீதிமன்றம், இணக்கமான வழி காணுமாறு வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. அரசு மாறி, புதிய விலக்கு விதிகள் வந்தன. பென்சில்வேனியாவும் நியூ ஜெர்சியும் அவற்றை எதிர்த்தன. 2020 ஜூலை 8 அன்று 7க்கு 2 என்ற தீர்ப்பு அவ்விலக்கை வழங்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. அதற்குப் பின்னும் வழக்கு கீழ்நீதிமன்றத்தில் நீண்டது.

அதே 2020 டிசம்பரில், உளவு சொல்ல மறுத்ததால் விமானப் பயணத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக முறையிட்ட முஸ்லிம்களின் வழக்கிலும் ஒரு தீர்ப்பு வந்தது. அதே 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொடர்புடைய அதிகாரிகளிடம் இழப்பீடு கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

நம் மனத்தில் அதிகம் நிற்பது 2015 ஜனவரி 20ஆம் நாள் தீர்ப்புதான். ஆர்கன்சா மாநிலச் சிறையில் ஒரு முஸ்லிம் கைதி தாடி வளர்க்க அனுமதி கேட்டார். முழுத் தாடியே தம் கடமை என நம்பியவர், இணக்கம் கருதி அரை அங்குலம் போதும் என்றார். அதில் ஆபத்தான பொருளை ஒளிக்கலாம் என்று சிறை நிர்வாகம் மறுத்தது. தம் கைப்பட எழுதிய மனுவோடு அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவருக்குத் துணைநின்றது பெக்கெட் என்னும் சட்ட அமைப்பு. ஹாபி லாபிக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் வாதாடியதும் அதுவே. 1993ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என 1997இல் முடிவானதால், கைதிகளையும் காக்கும் வகையில் 2000இல் இயற்றப்பட்ட அதன் தங்கைச் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்தது. தலைமுடியில் ஒளிக்க முடியாததையா அரை அங்குலத் தாடியில் ஒளிக்கப்போகிறார்? தோல்நோய் உள்ளவருக்குக் கால் அங்குலம் அனுமதிக்கும் சிறை, இவருக்கு அரை அங்குலத்தை ஏன் மறுக்க வேண்டும்? அலிட்டோ எழுதிய தீர்ப்பு ஹாபி லாபி வழக்கையே முன்னுதாரணமாகக் காட்டியது. ஒன்பது நீதிபதிகளும் கைதியின் பக்கம் நின்றனர்.

ஹாபி லாபி வழக்கில் எதிர்த்து எழுதிய கின்ஸ்பர்க்கும் அந்த ஒன்பதின்மரில் ஒருவர். சோட்டோமேயர் உடன்பட, அவர் ஒரு சிறு குறிப்பை மட்டும் தனியே சேர்த்தார்: இந்தக் கைதியின் தாடியால் அவருடைய நம்பிக்கையைப் பகிராத வேறு எவருக்கும் பாதிப்பில்லை; ஆகவே தீர்ப்பில் இணைகிறேன் என்பது அதன் சாரம்.