விடுபட்ட ஒரு பெயர்

கலைக்களஞ்சியத்தில் ஒரு மனிதரின் வாழ்வு பத்துப் பன்னிரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. அவரை அறியாத தலைமுறைகளுக்கு அவ்வரிகளே அவருக்கான சாட்சியம். எனவே அவற்றுள் ஒரு பிழையைக் களைவதும், விடுபட்ட ஓர் உண்மையைச் சேர்ப்பதும் மாண்டவருக்கு நாம் செலுத்தும் கடனாகும். கரிம வேதியியலின் வரலாறு இதற்கு அரியதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது.

கரி அணு வேறு நான்கு அணுக்களோடு பிணையும் ஆற்றல் பெற்றது. கரி அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகவும் நீளும். இன்று பள்ளி மாணவரும் அறிந்த இவ்வுண்மையே மருந்து, சாயம், பிளாஸ்டிக் ஆகியவற்றின் வேதியியலுக்கு அடிப்படை. இதனை 1858 மே மாதம் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் கெக்குலே. புகழும் அவரையே சேர்ந்தது.

அதே ஆண்டு ஜூன் 14 அன்று, பாரிஸ் அறிவியல் கழகத்தில் மற்றொரு கட்டுரை அளிக்கப்பட்டது. கெக்குலேயை அறியாமலே அதே முடிவுகளுக்கு வந்திருந்த அதன் ஆசிரியர், ஆர்ச்சிபால்டு ஸ்காட் கூப்பர் என்னும் 27 வயது இளைஞர். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அருகே கிர்கின்டிலாக் என்னும் ஊரில் பிறந்தவர். மெய்யியலும் பண்டை மொழிகளும் கற்றபின் வேதியியலை நாடியவர். அணுக்களுக்கிடையே கோடிட்டுப் பிணைப்பைக் காட்டும் முறையை அவர் அக்கட்டுரையிலேயே கையாண்டிருந்தார்.

கட்டுரையைக் கழகத்தில் சேர்ப்பிக்குமாறு கூப்பர் தம் ஆய்வுக்கூடத் தலைவர் வூர்ட்ஸிடம் கொடுத்திருந்தார். வூர்ட்ஸ் அப்போது கழக உறுப்பினர் அல்லர், காலம் தாழ்ந்தது. அதற்குள் கெக்குலேயின் கட்டுரை அச்சேறிவிட்டது. மனம் கொதித்த கூப்பர் வூர்ட்ஸுடன் முரண்பட்டு, ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. எடின்பரோவில் உதவியாளர் பணி கிடைத்தது. ஆயினும் 1859இல் மனநோய் அவரைத் தாக்கியது. பின்னர் அவர் ஆய்வுக்குத் திரும்பவேயில்லை. தாயின் பராமரிப்பில் சொந்த ஊரில் அமைதியாக வாழ்ந்து, 1892இல் மறைந்தார். அறிவியல் உலகம் அவரை மறந்திருந்தது.

அவர் பெயரை மீட்டவர் யார்? கெக்குலேயின் மாணவரும், பான் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ரிச்சர்டு அன்ஷூட்ஸ். சாலிசிலிக் அமிலத்தைக் கொண்டு கூப்பர் செய்த ஒரு சோதனையைக் கெக்குலே உள்ளிட்டோர் திரும்பச் செய்தபோது, கூப்பர் சொன்ன பொருள் கிட்டவில்லை. 1885இல் அன்ஷூட்ஸ் அதனைப் பொறுமையுடன் செய்து பார்த்து, கூப்பர் கூறியது சரியே என மெய்ப்பித்தார். பிற்காலத்தில், தம் ஆசிரியரின் வரலாற்றுக்குச் செய்திகள் திரட்டுகையில், இந்தக் கூப்பர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வி அவரை விடவில்லை. ஸ்காட்லாந்துக்குக் கடிதங்கள் எழுதினார். எடின்பரோ பேராசிரியர் கிரம் பிரவுன் துணைநின்றார். 1909இல் கூப்பரின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. அன்ஷூட்ஸ் எழுதிய கெக்குலே வரலாறு இரு தொகுதிகளாக அச்சானதோ அதற்குப் பின்னர், 1929இல்தான்.

தம் ஆசிரியரின் புகழுக்குப் பங்காளி ஒருவரைத் தேடிச் செல்ல அன்ஷூட்ஸுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வாளாவிருந்திருந்தால் கேட்பாரும் இல்லை. ஆயினும் அவர் தேடினார். அதே வேளையில், கூப்பரை உயர்த்துவதற்காகக் கெக்குலேயைத் தாழ்த்தவும் இல்லை. இருவரும் தனித்தனியே கண்டனர். ஒருவர் முந்தி வெளியிட்டார். உண்மை அவ்வளவே. இன்று கலைக்களஞ்சியங்கள் இருவரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன.

நாமும் எழுதுகிறோம்: பங்கு மலரில் ஒரு நினைவுக் குறிப்பு, பள்ளி விழா மலரில் நிறுவனரின் வரலாறு, குடும்பப் பெரியவரைப் பற்றிச் சில பக்கங்கள். ஆண்டுகளைச் சரிபார்ப்பது முதற்கடமை. அதனினும் கடினமானது, நாம் போற்றும் ஒருவரின் அருகில் நின்று உழைத்து, பெயரின்றி மறைந்தவர் யார் எனக் கேட்பது. அக்கேள்வியால் நாம் போற்றுபவரின் பெருமை குறைந்துவிடாது. கெக்குலேயின் பெருமை குறைந்துவிட்டதா என்ன?