20 ஆடுகள் கொண்டு வந்த நோய்

1933ஆம் ஆண்டு ஐஸ்லாந்து நாடு ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்து 20 கரகுல் இனச் செம்மறியாடுகளை வரவழைத்தது. கரகுல் குட்டிகளின் சுருள்முடித் தோலுக்கு அப்போது நல்ல விலை இருந்தது. வந்த ஆடுகளைத் தனியே வைத்துக் கண்காணித்தார்கள். எல்லாம் ஆரோக்கியமாகவே தெரிந்தன. எனவே பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்து விட்டார்கள்.

1938இல் வினை வெளிப்பட்டது. உள்ளூர் ஆடுகள் எலும்பும் தோலுமாக இளைத்துச் செத்தன. காரணம், குடலைத் தாக்கும் ஜோன்ஸ் நோய். நுரையீரல் நோய்களும் அந்த 20 ஆடுகளோடு வந்திருந்தன!

கண்காணித்தும் இது தப்பியது எப்படி? கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1895இல் டிரெஸ்டன் நகரில் ஜோனே, ஃபிராதிங்கம் என்ற இருவர் ஒரு மாட்டின் தடித்துப் போன குடலை ஆராய்ந்தனர். அதில் காசநோய்க் கிருமி போலவே சாயம் ஏற்கும் கிருமிகள் இருந்தன. பறவைகளின் காசநோயாக இருக்கலாம் என்று அவர்கள் எண்ணினர். இது தனி நோய் என்று 1906இல் காட்டியவர் டென்மார்க்கின் பாங். ஆனாலும் கிருமி ஆய்வகத்தில் வளர மறுத்தது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகளின் சத்தைக் கலந்து கொடுத்து, 1912இல் இங்கிலாந்தின் டுவார்ட்டும் இங்கிரமும் வளர்த்துக் காட்டினர்.

ஆட்டு விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ஆடுகளைத் தாக்கும் வகை ஆய்வகத்தில் எளிதில் வளராது. குட்டியில் தொற்றினாலும் அறிகுறி தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தொடக்கத்தில் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்காது. சோதனை 'நோய் இல்லை' என்றே சொல்லும். மாடுகளுக்கு வரும் தீராத கழிச்சலும் ஆடுகளில் பெரும்பாலும் வருவதில்லை. அதனால் செத்த ஆட்டின் சிறுகுடலைப் பார்ப்பதே நெடுங்காலம் நம்பகமான வழியாக இருந்தது. இன்று சாணத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வந்துள்ளது.

ஐஸ்லாந்தின் பியோர்ன் சிகுர்ட்சன் இந்நோய்க்குத் தடுப்பூசி தயாரித்தார். 1966இல் நோயுள்ள பகுதிகளில் அது கட்டாயமாக்கப்பட்டது. இந்த ஆட்டு நோய்களை ஆராய்ந்தே 1954இல் 'மெதுவான தொற்று' என்ற கருத்தை அவர் வெளியிட்டார். பின்னாளில் மனித நோய்களைப் புரிந்து கொள்ளவும் அது உதவியது.

கண்ணுக்கு நலமாகத் தெரிவது வேறு, நோய் இல்லாமல் இருப்பது வேறு. இந்தப் பாடத்துக்கு ஐஸ்லாந்து விவசாயிகள் கொடுத்த விலை மிகப் பெரியது.