எண்ணிம எஸ். எல். ஆர். ஒளிப்படக்கருவிகளின் ஒப்பீடு

எண்ணிம எஸ். எல். ஆர். ஒளிப்படக்கருவி என்பது, படம் எடுக்கும் வில்லையின் வழியாகவே காட்சியைக் கண்ணால் பார்க்கவும் உதவும் எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். வில்லைக்குப் பின்னால் 45 பாகை சாய்வில் உள்ள ஆடி, ஒளியை மேலேயுள்ள காண்குழிக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தும்போது ஆடி மேலெழுந்து, மூடுதிரை திறந்து, ஒளி படவுணரியில் விழுகிறது. இவ்வகையில் பல விலைகளில் பல மாதிரிகள் வெளிவந்துள்ளதால், வாங்குவதற்கு முன் அவற்றை ஒப்பிடுதல் தேவையாகிறது. இவ்வொப்பீட்டில் படவணுக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், பொருத்தக்கூடிய வில்லைகளும் எடுக்கவிருக்கும் படங்களின் தன்மையும் முதன்மையானவை.

வரலாறு

1991 இல் கோடாக் நிறுவனம், நிகான் எஃப்3 படச்சுருள் கருவியை அடிப்படையாகக் கொண்டு 13 இலட்சம் படவணுக்கள் கொண்ட எண்ணிமக் கருவியை வெளியிட்டது. 1999 இல் நிகான் டி1 வெளிவந்தது. 2003 இல் வெளியான கேனான் 300டி, 1000 அமெரிக்க டாலருக்கும் குறைந்த விலையில் கிடைத்ததால் இவ்வகைக் கருவிகள் பொதுமக்களிடம் பரவின. 2008 இல் வெளிவந்த நிகான் டி90, நிகழ்படம் எடுக்கும் வசதி கொண்ட முதல் எண்ணிம எஸ். எல். ஆர். ஆகும். 2018 இல் கேனான், நிகான் ஆகிய இரண்டும் முழுச்சட்ட உணரி கொண்ட ஆடியற்ற கருவிகளை வெளியிட்டன. அதன்பின் எஸ். எல். ஆர். வகையில் புதிய மாதிரிகள் வெகுவாகக் குறைந்தன. பயன்படுத்திய கருவிகளை வாங்குவோருக்கு இவ்வொப்பீடு இன்றும் பயன்படுகிறது.

ஒப்பிட வேண்டிய கூறுகள்

உணரியின் அளவு: முழுச்சட்ட உணரி 36 × 24 மி.மீ. அளவுடையது. ஏ. பி. எஸ்.-சி வகை உணரி நிகானில் ஏறத்தாழ 23.6 × 15.7 மி.மீ., கேனானில் 22.3 × 14.9 மி.மீ. ஆகும். பெரிய உணரி மங்கிய ஒளியில் இரைச்சல் குறைந்த படத்தைத் தரும். சிறிய உணரியில் காட்சிப் பரப்பு குறுகும். நிகானில் 200 மி.மீ. வில்லை, முழுச்சட்டத்தில் 300 மி.மீ. வில்லை காட்டும் பரப்பையே காட்டும்.

படவணுக்கள்: 60 இலட்சம் படவணுக்கள் கொண்ட 3000 × 2000 படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 10 அங்குல அகலத்தில் அச்சிடலாம். எண்ணிக்கை நான்கு மடங்காகி 240 இலட்சமானாலும் அகலம் இரு மடங்காக, அதாவது 20 அங்குலமாக, மட்டுமே உயரும்.

வில்லை இணைப்பு: நிகானின் எஃப் இணைப்பு 1959 இலும், கேனானின் ஈ. எஃப். இணைப்பு 1987 இலும் அறிமுகமாயின. கருவியை மாற்றினாலும் வில்லைகளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பதால், முதல் கருவியைத் தேர்வது ஒரு வில்லைத் தொகுதியைத் தேர்வதும் ஆகும். கேனானின் ஈ. எஃப்.-எஸ் வில்லைகள் அதன் முழுச்சட்டக் கருவிகளில் பொருந்தா.

குவிய இயக்கி: நிகான் டி40, டி3000, டி5000 வரிசைக் கருவிகளின் உள்ளே குவிய இயக்கி இல்லை. விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற பழைய வில்லைகளை இவற்றில் பொருத்தினால் கையால்தான் குவியப்படுத்த வேண்டும். டி90, டி7000 ஆகியவற்றில் இக்குறை இல்லை.

அசைவுத் தடுப்பு: கேனான், நிகான் எஸ். எல். ஆர். கருவிகளில் இது வில்லையில் அமைந்துள்ளது; பென்டாக்சு எண்ணிமக் கருவிகள் பலவற்றில் உடற்பகுதியில் அமைந்துள்ளது. கை நடுக்கத்தை இது ஈடுசெய்யும். படத்தில் உள்ளவரின் அசைவை நிறுத்தாது.

பயன்பாட்டுக்கேற்ற தேர்வு

ஒரே வட்டாரத்திலும் தேவைகள் வேறுபடும் என்பதற்கு வட சென்னை நல்ல எடுத்துக்காட்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே மீன் வணிகம் தொடங்கிவிடுகிறது. அங்கு எஃப்/5.6 துளையில் 1/10 நொடி தேவைப்படும் காட்சியை, எஃப்/1.8 வில்லையால் ஏறத்தாழ 1/100 நொடியில் எடுக்கலாம். முந்தையதில் கூடை தூக்குபவரின் உருவம் கலங்கும். பிந்தையதில் பெரும்பாலும் தெளிவாக அமையும். எனவே இங்கு விலை உயர்ந்த உடற்பகுதியை விட, எளிய கருவியுடன் ஒளி மிகுதியாகப் புகும் வில்லை ஒன்றே பயனுள்ளது.

கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் நிலைமை வேறு. 2023 திசம்பரில் அங்கு எண்ணெய் பரவியபோது, எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்கள் பாதிப்பை வெளியுலகுக்குக் காட்டின. பறவைகளை நெருங்காமல் படமெடுக்க நீண்ட குவியத்தூர வில்லையும் விரைவான குவியமும் வேண்டும், ஏ. பி. எஸ்.-சி உணரியின் குறுகிய காட்சிப் பரப்பு இதற்கு ஏற்றது.

1500 மெகாவாட் திறனுள்ள வள்ளூர் அனல்மின் நிலையம் உள்ளிட்ட ஆலைகள் அமைந்த இப்பகுதியில் நிலக்கரித் தூசியும் சாம்பலும் உப்புக்காற்றும் கருவிக்குத் தீங்கானவை. ஈரம், தூசி புகாத காப்பு உடைய மாதிரி விரும்பத்தக்கது. காப்பற்ற கருவியில் திறந்த வெளியில் வில்லை மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். துறைமுகம், மின் நிலையம் ஆகியவற்றின் வளாகங்களில் படமெடுக்க முன் இசைவு தேவை.

பயன்படுத்திய கருவியை வாங்கும்போது

• மூடுதிரை இயங்கிய எண்ணிக்கையை அறிதல் வேண்டும். நிகான் டி90 க்கு 1,00,000 முறையும், கேனான் 5டி மார்க் 2 க்கு 1,50,000 முறையும் சோதித்த அளவுகளாக அறிவிக்கப்பட்டன.
• எஃப்/16 துளையில் வெளிர் வானத்தைப் படமெடுத்தால் உணரியில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும்.
• வில்லையினூடே கைவிளக்கைக் காட்டி, உள்ளே பூஞ்சை படர்ந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். கடலோர ஈரப்பதத்தில் இது எளிதில் வளரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது இதனைத் தடுக்க உதவும்.
• பின்னாளில் ஆடியற்ற கருவிக்கு மாற எண்ணுவோர், தம் வில்லைகள் இணைப்பியுடன் தானாகக் குவியுமா என்பதையும் அறிதல் நன்று.

இவற்றையும் பார்க்க

• வில்லை
• ஒளிப்படவியல்
• எண்ணூர்க் கழிமுகம்