பின்னோக்குப் பொறியியல் தடுப்பு

பின்னோக்குப் பொறியியல் தடுப்பு என்பது, விற்பனைக்கு வந்துவிட்ட மென்பொருளையோ வன்பொருளையோ பிரித்து ஆராய்ந்து அதன் உள்ளமைப்பை அறியும் முயற்சியைக் கடினமாக்கும் நுட்பங்களின் தொகுதி. போலித் தயாரிப்பு, உரிமமில்லாப் பயன்பாடு, மறைச்சாவித் திருட்டு ஆகியவற்றைத் தடுப்பது இதன் நோக்கம். ஆராய்ச்சியை முற்றிலும் தடுக்க இயலாது. அதற்காகும் காலத்தையும் செலவையும் உயர்த்தவே இயலும்.

மென்பொருள்

மூலநிரலை வெளியிடாவிட்டாலும் இயந்திரநிரல் பயனரின் கணினியில்தான் இயங்கியாக வேண்டும். அதை மனிதர் படிக்கும் வடிவுக்கு மாற்றும் கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல் வெளியிட்ட ‘கிட்ரா’ என்னும் கருவி இலவசமானது. ஜாவா, டாட்நெட் நிரல்களில் வகுப்புகள், செயற்கூறுகளின் பெயர்கள் அப்படியே தங்குவதால் அவற்றை மீட்பது மேலும் எளிது.

இதற்கு எதிராக, நிரல் குழப்பல் முறையில் பெயர்கள் பொருளற்றவையாக்கப்பட்டு, நிரலின் போக்கு வேண்டுமென்றே சிக்கலாக்கப்படுகிறது. பொதிதல் முறையில் மறையாக்கப்பட்ட நிரல் இயங்கும் நேரத்தில் மட்டும் நினைவகத்தில் விரிகிறது. நிரலின் இயக்கத்தைப் படிப்படியாக ஆராயும் டிபக்கர் கருவி இணைக்கப்பட்டிருந்தால் இயங்க மறுக்கும் நிரல்களும் உண்டு. தனக்கென உருவாக்கிய கட்டளைத் தொகுதியில் இயங்கும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் நிரலை வைப்பது மிக வலுவான முறைகளுள் ஒன்று. ஆனால் வேகம் வெகுவாகக் குறையும். எல்லா நிரல்களின் உள்ளமைப்பையும் முழுமையாக மறைக்கவல்ல பொதுவான குழப்பல் முறை இருக்க முடியாது என்பதை போவாஸ் பராக் முதலியோர் 2001-இல் கணித முறையில் நிறுவினர்.

வன்பொருள்

சில்லின் உறையை அமிலத்தால் கரைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படமெடுத்தால் மின்சுற்றை மீட்டெடுக்கலாம். ஆகவே பாதுகாப்புச் சில்லுகளின் மேலடுக்கில் நுண்கம்பி வலை பதிக்கப்படுகிறது. வலை அறுந்தால் சில்லு தன்னுள் இருக்கும் மறைச்சாவியை அழித்துவிடும். ஒளி, வெப்பநிலை, மின்னழுத்த மாற்றங்களை உணரிகள் கண்காணிக்கின்றன. சில்லைத் திறக்காமலும் தாக்கலாம்: அது செலவிடும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே சாவியைக் கணிக்க முடியும் என்பதை பால் கோச்சர் குழு 1999-இல் விளக்கியது. கணக்கீட்டின் இடையே தற்போக்கு எண்களைக் கலப்பது இதற்கான தற்காப்பு.

மைஃபேர் கிளாசிக்

போக்குவரத்து அட்டைகளில் பரவலாக இருந்த மைஃபேர் கிளாசிக் சில்லின் பாதுகாப்பு, ‘கிரிப்டோ-1’ என்னும் இரகசிய மறையாக்க முறையையும் 48 பிட் சாவியையும் நம்பியிருந்தது. கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் சில்லைத் தேய்த்துப் படமெடுத்து, முறையின் அமைப்பை மீட்டதாக 2007 டிசம்பரில் பெர்லினில் அறிவித்தனர். முறை வெளிப்பட்டதும் அதன் பலவீனங்களும் வெளிப்பட்டன. அமைப்பு முழுவதும் பகைவருக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் பாதுகாப்பு நிலைக்க வேண்டும் என்று மறையாக்கவியலாளர் ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883-இலேயே எழுதியிருந்தார். பின்னர் வந்த மைஃபேர் டெஸ்ஃபயர் ஈவி1, உலகமே ஆராய்ந்து தேர்ந்த ஏஇஎஸ் முறையை ஏற்றது.

சட்டம்

தொழில்நுட்பத் தடைகளை மீறுவதை அமெரிக்கா 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இந்தியா 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவாலும் தண்டனைக்குரியதாக்கின. எனினும் வேறொரு மென்பொருளுடன் இணைந்து இயங்கச் செய்யத் தேவையான ஆய்வை இரு நாட்டுச் சட்டங்களும் வரம்புக்குட்பட்டு அனுமதிக்கின்றன. ஆய்வு முடிவுகளை வெளியிடுவதைப் பொறுத்தவரை, மைஃபேர் குறைபாடுகள் பற்றிய ராட்பவுட் பல்கலைக்கழகக் கட்டுரைக்குத் தடை கோரிய, அச்சில்லின் தயாரிப்பாளரான என்எக்ஸ்பி நிறுவனத்தின் மனுவை 2008 ஜூலையில் நெதர்லாந்து நீதிமன்றம் நிராகரித்தது. நிறுவனத்துக்கான பாதிப்பு கட்டுரையால் வருவதன்று, குறைபாடுள்ள சில்லைத் தயாரித்து விற்றதால் வருவது என்பது நீதிமன்றத்தின் முடிவு.